என் பெயருக்குப் பின்னால் நிற்கும் பெயர்

என் வங்கி அட்டையில் என் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பானியப் பெயர் இருக்கிறது. ஸ்பெயினிலேயே அதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு தமிழ்க் கடையில் அட்டையை நீட்டினால், கல்லாவில் நிற்கும் அண்ணை அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். "தங்கச்சி, நீங்கள் தமிழோ?" என்பார். ஓம் என்பேன். "அப்ப இது?" என்பார். "என்ரை மனுசன்ரை" என்பேன். அடுத்த கேள்வி அவருடைய தொண்டை வரைக்கும் வந்து நிற்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்க விடாமல் கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிறோம், அடுத்த தலைமுறையில் அது கழன்றுவிடும். பெயரை வைத்து ஒருவரையும் பிடிக்க முடியாது. ஆனாலும் பிடித்துவிடுவார்கள். எந்த ஊர், எந்தக் கோயிலடி, தகப்பன் என்ன செய்தவர் என்று ஆரம்பித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆற்றை ஆக்கள்?" என்று கேட்பார்கள். யாருடைய ஆட்கள் என்று அர்த்தம். அதுதான் சாதி. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. உச்சரிக்காமலேயே எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும்.

அப்பா இதில் மகா கெட்டிக்காரர். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் வீடு, பக்கத்திலேயே சொந்தப் பலசரக்குக் கடை. கலியாணம் பேசுகிறவர்கள் அரிசி வாங்குகிற சாட்டில் அவரிடம் வந்து விசாரிப்பார்கள். டொரோண்டோவுக்கு ஒரு போன், பாரிசுக்கு ஒரு போன், அவ்வளவுதான், விஷயம் கையில் வந்துவிடும். அண்ணாவுக்குப் பெண் எடுத்தபோது பெண்ணின் பூட்டன் வரைக்கும் தோண்டி எடுத்தவர். அந்த மனிதரிடம்தான் நான் ஒரு ஸ்பெயின்காரனைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. ஆஸ்பத்திரிகளில் நேர்ஸ்மாருக்குத் தட்டுப்பாடு என்று ஸ்பெயினிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். அவன் அப்படி வந்தவன். நான் அதே ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் வேலை செய்தேன். மருந்து கேட்டு வருகிறவன், பிறகு மருந்து தேவைப்படாத நேரத்திலும் வந்தான். ஒருநாள் தன் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு வரைபடம் காட்டினான். ஒரு குடும்பப் பெயரை அடித்தால், அந்தப் பெயர்க்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி புள்ளியாகக் காட்டும். அவனுடைய பெயருக்கு விழுந்த புள்ளிகளை ஒரு பிடிக்குள் அள்ளிவிடலாம். கரையோரத்துத் தொழிற்சாலை நகரங்களில் ஒன்றிரண்டு, தெற்கே கொஞ்சம், தென் அமெரிக்காவில் கொஞ்சம். ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

"இதுதான் எங்கள் பெயர் பிறந்த ஊர்" என்று வடக்கே மலைக்குள் ஒரு இடத்தைத் தொட்டான். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"ஏன் அங்கே ஒருவரும் இல்லை?"

"என் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அவர் சொல்வது பெரிய கதை" என்றான்.

நான் அவனை முதல் தரம் வீட்டுக்குக் கூட்டிப்போனபோது அம்மா தங்கக் கரை போட்ட கோப்பைகளில் தேத்தண்ணி கொண்டுவந்தா. அலுமாரியின் மேல் தட்டில் இருந்து, ஐயர் வந்தால் மட்டும் இறங்குகிற கோப்பைகள். அவன் இடியப்பத்தைக் கையால் குழைத்து மடியெல்லாம் தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக்கொண்டான். அப்பா சிரித்தார். அப்பா சிரித்துவிட்டார் என்ற தலைகால் புரியாத சந்தோஷத்தில், "அவையின்ரை பேர் ஒரே ஒரு ஊரிலையிருந்துதான் வந்ததாம் அப்பா" என்று நான் உளறிவைத்தேன். அப்பாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஒரே ஊர் என்றால் போய் விசாரிக்கலாம்.

பிரான்சின் தெற்கில், துலூஸில் அப்பாவின் தம்பி இருக்கிறார். மலையைத் தாண்டினால் ஸ்பெயின். சித்தப்பா ஒரு சனிக்கிழமை சித்தியையும் ஏற்றிக்கொண்டு, கட்டுச்சோறும் கட்டிக்கொண்டு, என் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்க மலையேறினார். பிரெஞ்சு தெரிந்த ஒரு கோப்பிக் கடைக் கிழவரைப் பிடித்திருக்கிறார். அடுத்த நாள் மத்தியானம் போன் வந்தது. அப்பா அதைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தார்.

"அண்ணை, இஞ்சை அந்தப் பேரிலை ஒரு வீடும் இல்லை. சேமக்காலையிலை, கல்லறையளுக்குள்ளை மட்டும் கொஞ்சப் பேர் கிடக்கினம்."

"அப்ப எங்கையிருந்து வந்த பேர்?"

"மடத்திலையிருந்து. முந்தி இஞ்சை ஒரு கன்னியாஸ்திரி மடம் இருந்ததாம். பிள்ளையை வச்சிருக்க ஏலாத பொம்பிளையள் கொண்டுவந்து, சுவரிலை இருக்கிற சுத்துற பெட்டிக்குள்ளை கிடத்திப்போட்டு மணியை அடிப்பினமாம். பெட்டியைத் திருப்பினால் பிள்ளை உள்ளுக்கை போயிடும். தாய் ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடி வந்த எல்லாத்துக்கும் மடம் ஒரே பேரைத்தான் வச்சிருக்கு. பின்னாலை நிக்கிற மலையின்ரை பேர்."

அப்பா கொஞ்ச நேரம் மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி, அப்ப ஆற்றை ஆக்கள்?"

"அதைத்தானே அண்ணை சொல்லுறன். ஆற்றையும் இல்லை."

அம்மா அடுப்பில் வேலை இருக்கிற மாதிரி எழுந்து குசினிக்குள் போய்விட்டா. அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "இன்ன ஆக்கள் எண்டு தெரிஞ்சால் ஒரு கதை. அதுக்கேத்த மாதிரி என்னத்தையும் மறைக்கலாம். ஒண்டுமே தெரியாட்டில் நான் எதையெண்டு மறைக்கிறது?" அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தவித்துப்போயிருந்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் அந்தப் போனை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்றிருந்தது.

அவன் அடுத்த முறை வந்தபோது அம்மா தட்டம் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்தா. எங்களுக்கெல்லாம் பீங்கான் கோப்பை. அவனுக்கு மட்டும் காகிதக் கோப்பை.

தெரியாதவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. ஊரில் தேத்தண்ணிக் கடைகளில் சிலருக்குக் கிளாசும் சிலருக்குத் தேங்காய்ச் சிரட்டையும் கொடுத்த காலம் இருந்தது. அவர்கள் வாய் வைத்ததில் மற்றவர்கள் குடிக்கக் கூடாது என்பதற்காக. நான் அதைக் கண்ணால் கண்டதில்லை, கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். லண்டனில் சிரட்டைக்கு எங்கே போவது? காகிதக் கோப்பை கிடைக்கிறது, அப்பாவின் கடையிலேயே கட்டுக்கட்டாக. குடித்ததும் எறிந்துவிடலாம். ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, நான் பழக்கிவிட்டிருந்த தமிழில் "நன்றி அம்மா" என்றான்.

அவன் போனதும் குசினிக்குள் போய்ச் சண்டை பிடித்தேன். கழுவுகிற வேலை மிச்சம் என்று அம்மா சொன்னா. விடாமல் கேட்டேன். கடைசியில் கரண்டியைக் கீழே வைத்தா. "உனக்குக் கலியாணம் வேணுமோ, கோப்பை வேணுமோ? அப்பா ஓமெண்டு சொல்லுறதே பெரிய காரியம். வாயைப் பொத்திக்கொண்டிரு."

அப்பா ஓம் என்றுதான் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. மடத்துக் கதை இந்த வீட்டுக் கதவைத் தாண்டக் கூடாது. கேட்கிற சனத்துக்கு அவர் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார். "ஸ்பெயினிலை காணி பூமி உள்ள ஆக்கள். மலையடிவாரம் முழுக்க அவையின்ரைதான்." பிறகு கலியாண மண்டபத்தில் அவர் அதைச் சொன்னபோது, சித்தப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். மலையின் பெயர்தானே என்று அவருக்கு ஒரு சமாதானம்.

எனக்குக் கலியாணத்தில் அப்பா வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் என்னை விட்டுப் போகவும் கூடாது. அவனுக்கு அந்தக் கோப்பையின் அர்த்தம் தெரிந்தால் எழுந்து போய்விடுவான், போகாவிட்டாலும் என்னைப் பழைய கண்ணால் பார்க்கமாட்டான் என்று பயந்தேன். ஆகவே அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே என் முழுநேர வேலையாகிவிட்டது. அவன் வருகிற நாட்களில் அம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய் நானே தேத்தண்ணி போட்டேன். முந்த முடியாத நாட்களில் நானும் ஒரு காகிதக் கோப்பையை எடுத்து, இதுதான் கைக்கு லேசு என்று சிரித்தேன். அவனும் சிரிப்பான். பிறகு ஆஸ்பத்திரியில் மருந்துகளை எண்ணுகிறபோது கணக்குத் தவறி மறுபடியும் முதலில் இருந்து எண்ணுவேன்.

கலியாணத்துக்கு முன் அவனுடைய அப்பா லண்டனுக்கு வந்தார். ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற, அகலமான கைகள் உள்ள பெரியவர். கோட்டுப் போட்டு, தலை வாரி, ஒரு பெட்டி இனிப்போடு ஞாயிறு பின்னேரம் பார்க்கிங் வீட்டுக்கு வந்தார். அவர் ஸ்பானிஷில் சொல்வதை அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அம்மாவுக்காக நான் அதைத் தமிழில் சொன்னேன். உட்கார்ந்த உடனேயே பெரியவர் தன் தகப்பனைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். மடம், பெட்டி, மணி எல்லாம். மறைக்க அதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் அப்பா அந்த ஊரில் ஒரு பெண்ணையும் நிமிர்ந்து பார்த்ததில்லை" என்றார் பெரியவர். "யாரைப் பார்த்தாலும் சகோதரியாக இருக்குமோ என்று பயம். தாய் யார் என்று தெரியாதே. கலியாண வயது வந்ததும் நடந்தே வெளியேறினார். மூன்று மாகாணம் தாண்டி, இனி ஒரு சொந்தமும் இருக்க முடியாது என்று நிச்சயமான இடத்தில்தான் பெண் தேடினார். எங்கள் பெயர்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். ஒருவர் போன ஊருக்கு மற்றவர் போகவில்லை. அதுதான் பிறந்த ஊரில் எங்களில் ஒருவரும் இல்லை."

கம்ப்யூட்டரில் பார்த்த புள்ளிகள் எனக்கு ஞாபகம் வந்தன. அத்தனை தூரமும் பயத்தால் நடந்த தூரம்.

பெரியவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவன் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். "எல்லாரையும்விட நான்தான் அதிக தூரம் வந்திருக்கிறேனாம். இந்த வீட்டில் சகோதரி என்ற பயமே வேண்டாமாம்."

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா தலையை நிமிர்த்தினார். "அப்ப அவையளும் விசாரிச்சுத்தான் கலியாணம் செய்திருக்கினம்" என்றார். அவர் முகம் பல வாரங்களுக்குப் பிறகு இளகியிருந்தது. எழுந்துபோய்ப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கு அலுமாரியின் மேல் தட்டுத் திறக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் குசினிக்கு ஓடாமல் இருந்துவிட்டேன்.

அம்மா தட்டத்தோடு வந்தா. எங்களுக்குக் கோப்பை. அவர்கள் இருவருக்கும் காகிதம். அப்பா அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு இனிப்புப் பெட்டியைத் திறந்தார்.

பெரியவர் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார். மகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான். அதை மட்டும் அவன் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. பெரியவர் தேத்தண்ணியை அடி வரைக்கும் குடித்தார். கோப்பையை மேசையில் வைக்காமல், தட்டையாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது நானும் அவர்களோடு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினேன். பெரியவர் எதிர் இருக்கையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"தேத்தண்ணி வந்தபோது உன் அப்பா என்ன கேட்டார்?"

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டது.

"தாத்தாவைச் சின்ன வயதில் மடம் ஒரு பண்ணை வீட்டில் வேலைக்கு விட்டது. அந்த வீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு கிண்ணம். வீட்டுக்காரர் அதைத் தொடமாட்டார்கள். அவரே கழுவி வெளியே வைக்க வேண்டும். இதுவும் அந்தக் கிண்ணமா என்று அப்பா கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"உங்கள் வீட்டில் கோப்பை போதாது என்று சொன்னேன்."

"உனக்கு எப்போதிருந்து தெரியும்?"

"காகிதக் கோப்பை வந்த முதல் நாளே. நான் அந்தக் கிண்ணத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவன். நீ ஓடி ஓடித் தேத்தண்ணி போட்டாய். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் உன்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்."

நான் அழுதேன். பெரியவர் எங்களைப் பார்த்தார். பைக்குள் கையை விட்டு மடித்த கோப்பையை எடுத்து, எறிவதற்கு இடம் தேடினார். லண்டன் பாதாள ரயில்களில் குப்பைத் தொட்டி கிடையாது. என்னிடம் தரும்படி நான் கையை நீட்டினேன். அவர் மெல்லத் தலையசைத்து மறுத்துவிட்டு, அதை மறுபடியும் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.