மகள் நம்பருக்குப் போன ஓடிபி

பிள்ளைகளே, நான் மன்னார்குடிப் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் வாடகைக்கு விடுகிறேன். யார் வயலை எப்போது அறுப்பது என்ற வரிசையை நோட்டிலிருந்து கிளவுடுக்கு மாற்றினேன். பட்டியல் இன்டர்நெட்டில் பத்திரமாக இருக்கும்.

தை மாதம் என் போன் வாய்க்காலில் விழுந்தது. தெம்பாகப் புது போன் வாங்கிப் பட்டியலைத் திறந்தால், ஓடிபி கேட்டது. அது மகள் நம்பருக்குப் போனது. பதிவு செய்தபோது சோம்பலில் அவள் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவளோ தஞ்சாவூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், போனை அணைத்துவிட்டு!

வானம் கறுத்தது. "அடுத்தது என் வயல்தாங்க" என்று ஒருவர் மெஷினை மறித்தார். "ஏங்க, எனக்குன்னு நேத்தே சொன்னீங்களே!" என்று இன்னொருவர் கத்தினார்.

"நோட்டு தண்ணியில விழுந்திருந்தா காயவச்சாவது படிச்சிருக்கலாம்ண்ணே" என்றார் டிரைவர். எனக்கு அழுகையே வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மகள் பேசினாள். "மறுபடி அனுப்பச் சொல்லுங்கப்பா, நம்பர் வந்ததும் சொல்றேன்." வரிசை தெரிந்தது. முதல் வயலை அறுத்து முடித்தோம். இரண்டாவது வயலைப் பாதி அறுத்தபோது மழை பிடித்துக்கொண்டது, மிச்சப் பயிர் சாய்ந்துவிட்டது. அந்த வயல்காரர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளவுடை நான் விடவில்லை. ஓடிபியை என் நம்பருக்கு மாற்றிக்கொண்டேன். தினமும் காலையில் அன்றைய வரிசையைத் தாளில் எழுதி, மெஷின் கண்ணாடியில் ஒட்டிய பிறகுதான் டிரைவரிடம் சாவியைக் கொடுக்கிறேன்.