கைலாச வாகனத்துக்குக் கீழே அப்பா

வௌவால் எச்சமும் புதுப் பெயின்ற்றும் கலந்த நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் ஓரடி பின்வாங்குவேன், ஏனென்றால் அந்த நெடி வீசிய கோயில் வாகனசாலை இருட்டுக்குள்தான் நான் சிறுவயதில் கண்ட ஒரே மலை இருந்தது. எங்கள் சண்டிலிப்பாயில் ஏறி நிற்க ஒரு மேடுகூடக் கிடையாது. ஆகவே மலை என்றால் எங்களுக்குக் கோயிலின் கைலாச வாகனம், மேலே நீலம் பூசிய மரக் கொடுமுடிகளும் கீழே பத்து வாயாலும் பல்லை இளித்துக்கொண்டு அதைத் தாங்கும் இராவணனும்.

வாசலில் கதாயுதத்தோடு கண்ணை உருட்டும் துவாரபாலகருக்கும் நான் பயந்தவள்தான். "குழப்படி செய்தால் உவையிட்டைப் பிடிச்சுக் குடுத்திடுவன்" என்பது அம்மாவின் வழக்கமான வெருட்டு. ஆனால் மலையைக் கிளப்பிய இராவணனைச் சிவபெருமான் கால் பெருவிரலால் ஊன்றி நசித்த கதையை அம்மா சொன்ன பிறகுதான் என் நித்திரை போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறுங்கதை; எனக்கோ, திருவிழாவில் அந்த மலையைச் சுமக்கும் முன்பக்கக் "காவுதடி"யைத் தோளில் தாங்குபவர் என் அப்பா.

திருவிழாவுக்கு முதல்நாள் சித்தப்பா பிள்ளைகள் எங்களுக்கு "நொடி" போட்டு விடை கேட்டார். "மலைக்குக் கீழை நிக்கிறான், இறக்கவும் ஏலாது, ஓடவும் ஏலாது. ஆர், சொல்லுங்கோ பாப்பம்?" எல்லாரும் இராவணன் என்று கத்த, நான் "அப்பா" என்று சொல்லி அழத் தொடங்கினேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார், பாவி மனிதர்!

மறுநாள் மாலை மேற்கு வீதியில் திரும்பும்போது வாகனம் ஒருபக்கம் சரிந்தது. "பிடி, பிடி, விடாதை!" என்று ஆட்கள் கத்த, அப்பாவின் தலை மலைக்கடியில் மறைய, நான் அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடி, "சாமி, விரலை எடுங்கோ! அது என்ரை அப்பா!" என்று குளறினேன். யாரோ என்னைத் தூக்கி அப்பால் கொண்டுபோனார்கள். மலை மெல்ல நிமிர்ந்தது.

வீட்டுக் கிணற்றடியில் அப்பா தோளைக் கழுவியபோது தோல் உரிந்து சிவந்திருந்தது. "உங்களுக்குப் பயமில்லையோ அப்பா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லை? பயமில்லாதவனைத் தடிக்குக் கிட்டவும் விடக்கூடாது பிள்ளை, அவன்தான் மற்றவனையும் விழுத்துவான்."

அப்பா இப்போது இல்லை. காவுகிற இளந்தாரிகளும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டதால் வாகனத்துக்குச் சில்லுப் பூட்டிவிட்டார்கள். இந்த வருடம் அது உருண்டு வருகையில் என் மகள் அதற்கு முதுகைக் காட்டி நின்று, கைபேசியில் தன்னைப் படமெடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"விலகடி!" என்று கத்திவிட்டேன்.

"என்னம்மா பயம்? சில்லிலைதானே போகுது."

ஓம், சில்லில்தான் போகிறது. அதற்குக் கீழே அவளுடைய ஆள் ஒருவரும் இல்லை.