பதினெட்டைப் பதினேழு என்று வாசித்தவள்

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். வேலையிடத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘படிக்கட்டு’. பழுது பார்த்து முடித்ததும் மற்றவர்கள் அதே லிஃப்டில் ஏறிக் கீழே போய்விடுவார்கள். இவர் அதைக் காலியாக ஓடவிட்டு, தான் படிக்கட்டில் இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் நின்று காது கொடுத்துக் கேட்பார். “தான் செஞ்ச வேலையைத் தானே நம்பாத ஆளு” என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். இவர் அசரமாட்டார். “வேகமாப் போறது பெரிசில்ல. நிக்கிற இடத்துல தரைக்குச் சமமா நிக்கணும். அரை அங்குலம் தூக்கி நின்னாலும் யாராவது தடுக்கி விழுவாங்க” என்பார். எதையும் எண்ணுகிற பழக்கமும் அந்த வேலையில் வந்ததுதான். பஸ்ஸில் போனாலும் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே வருவார்.

ஐம்பத்தாறு வயதில் கண்ணில் அழுத்த நோய் வந்து, இரண்டே வருடத்தில் எழுத்து தெரியாமல் போனது. அன்றிலிருந்து அச்சடித்த எதுவும் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். மாத்திரை அட்டை, மகன் அனுப்பும் செய்தி, வாசலில் ஒட்டும் தண்ணீர் நிறுத்த அறிவிப்பு, எல்லாமே நான் சொன்னால்தான். “அவருக்குக் கண்ணே நான்தான்” என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை.

நான் துணிக்கடையில் அளவு திருத்தும் பிரிவில் இருக்கிறேன். சாயங்காலம் வந்து முகம் கழுவியதும், ஆறிலிருந்து ஏழுவரை அவருக்குப் புத்தகம் வாசிப்பேன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவருக்கோ எந்த வரியும் விடுபடக் கூடாது. அப்படியிருக்க, நூலகத்து அம்மா ஒரு நாள் அந்தக் கொலைக்கதையை எடுத்துக் கொடுத்தார். மாத வாசகர் கூட்டத்தில் அடுத்து அதைத்தான் பேசப்போகிறார்களாம். அட்டையில் ஒரு சாவித்துவாரம், அதற்குள் ஒரு கண்.

சும்மா சொல்லக் கூடாது, என்ன ஓட்டம். ஓர் அடுக்குமாடிக் கட்டடம். வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ் மாடிப்படியில் செத்துக் கிடக்கிறாள். சந்தேகப்பட ஐந்து வீட்டுக்காரர்கள். நாலு பக்கத்துக்கு ஓர் அத்தியாயம், ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் கதவு திறக்கும், இல்லையென்றால் யாராவது “அது நீதானே” என்பார்கள். ஏழு மணிக்குப் புத்தகத்தை மூட மனசு வராது. கடையில் ஒரு பேன்ட்டின் வலது காலை இரண்டு தடவை சுருக்கி, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன். வாசிக்கும்போது என் வீட்டுக்காரர் மட்டும் நடுநடுவே பிரேக் போடுவார்.

“ஏம்மா, கதவு திறந்துச்சே, யாரு வந்தா?”

“பேப்பர்காரன்.”

“நேத்தும் பேப்பர்காரன். முந்தாநேத்து பூனை. எழுதினவன் நம்மள ஏமாத்துறான். ஆளுங்களுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் அட்டைப்பெட்டி. ஓடுறதால தெரியல.”

“கண்டுபிடிக்கிறதை விட்டுட்டுக் கேளுங்க.”

பதினேழாம் அத்தியாயத்தில்தான் என் புத்தி கெட்டது. மறுநாள் வரை பொறுக்காமல், அவர் குளிக்கப் போயிருந்தபோது அடுப்படியில் நின்று முன்கூட்டியே புரட்டினேன். பதினொரு பக்கம். ஒரு கொலையும் இல்லை, கதவும் திறக்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒருத்தி படுக்கையில் கிடக்கும் புருஷனுக்கு விரிப்பு மாற்றுகிறாள், முதுகு துடைக்கிறாள், மாத்திரையை எண்ணி எடுத்துவைக்கிறாள். இந்த மூச்சு ஒரு நாள் நின்றால் தான் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாமே என்று நினைக்கிறாள். அன்று மாத்திரையைக் கொடுக்காமல் குப்பையில் போடுகிறாள். வாசலில் நின்ற நர்ஸ் அதைப் பார்த்துவிடுகிறாள்.

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். அவர் மூச்சு நிற்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, அது சத்தியம். ஆனால் ஒரே ஒரு நாள், யாரும் என்னைக் கூப்பிடாமல் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன். பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறேன். அந்த வரிகளை அவர் முகத்துக்கு எதிரே என் குரலில் எப்படி வாசிப்பேன்? போதாததற்கு, கொலைகாரி யாரென்று தெரிய வேண்டிய அவசரம் வேறு. மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்து, பதினொரு பக்கத்தையும் தள்ளி, “பதினேழு” என்று சொல்லிவிட்டுப் பதினெட்டை வாசித்தேன். அவர் எண்ணுவார் என்று தெரிந்துதான் எண்ணை மாற்றினேன். அதன் பிறகு கடைசிவரை ஒவ்வொரு நாளும் ஒன்று குறைத்துச் சொல்லவேண்டியிருந்தது. வாய் கூசாமல் சொன்னேன்.

கடைசியில் மூன்றாம் மாடிக்காரிதான் கொன்றாள் என்று வந்தது. ‘அன்று அவள் பார்த்துவிட்டாள்’ என்று ஒரே வரி. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“என்னத்தைப் பார்த்தா?”

“அவ்வளவுதான் போட்டிருக்கு.”

“அப்ப இது நிக்காத லிஃப்ட். மாடி வர்றதுக்கு முன்னாடியே கதவைத் திறந்துட்டான். கூட்டத்துல சொல்றேன் பாரு.”

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

சனிக்கிழமை மதியம், நூலக மாடியில் பதினைந்து பேர். இவர் எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, அழகாகத்தான் பேசினார். “நல்லா ஓடுது, மறுக்கல. கீழ வைக்க முடியாது. ஆனா நாற்பத்தொரு அத்தியாயம் ஓட வச்சிட்டு, அந்தப் பொம்பளை ஏன் கொன்னான்னு சொல்லாம விட்டா, அது எழுதுனவர் செஞ்ச மோசடி. என் வேலையில இப்படி விட்டா ஆளு செத்துப்போவான்.”

எதிரே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார். “சார், நாற்பத்திரண்டு. காரணம் பதினேழுல இருக்கே. புருஷனோட மாத்திரையை அவ குப்பையில போடுறதை நர்ஸ் பார்த்திருவா. பதினொரு பக்கம் வருமே, சார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் உட்கார்ந்திருந்தேன். இவர் முகம் என் பக்கம் திரும்பவேயில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பக்கம் ஒட்டிக்கொண்டு விட்டுப்போயிருந்தால் பதினாறுக்குப் பிறகு பதினெட்டு என்று காதில் விழுந்திருக்கும். அவருக்கு விழுந்தது பதினேழு.

“நான் கண்ணசந்திருப்பேன் போல” என்றார். “வயசாகுதில்ல. எழுதினவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருடம் வேலை நேரத்தில் கண்ணசராத மனுஷன். என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைத் தூங்குமூஞ்சி ஆக்கிக்கொண்டார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், “அந்தப் பதினேழை வாசி” என்றார்.

வாசித்தேன். விரிப்பு, முதுகு, ஜன்னல், மாத்திரை, எல்லாம். இரண்டு இடத்தில் நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். முடிந்ததும் வெகுநேரம் விரலால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மொத்தப் புத்தகத்துலயும் இந்த ஒரு இடத்துலதான் உயிருள்ள ஆளு ஒருத்தி இருக்கா” என்றார். “இதைப் போய் விட்டுட்டியே.”

“எனக்கு வாசிக்க முடியலைங்க. சில நாளு எனக்கும்... மாத்திரை எல்லாம் இல்ல. கொஞ்ச நேரம் தனியா இருந்தா போதும்னு தோணும். பஸ்ஸை விட்டுட்டு நின்னிருக்கேன்.”

“தெரியும். நீ எந்த பஸ்ல வர்றன்னு சத்தத்துலயே தெரியும். வர்றப்ப வரட்டும்னு இருப்பேன். அதுல எனக்குக் கோபமில்ல.” மேசையிலிருந்து விரலை எடுத்தார். “பதினெட்டைப் பதினேழுன்னு சொன்ன பாரு. அதான்.”

நான் அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு பேசியாவது ஆறியிருப்பேன்.

பிறகு, தயங்கித் தயங்கி, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போலக் கேட்டார். “நாலு மாசம் முன்ன கண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஒண்ணு வாசிச்சியே. இடது கண்ணுல மிச்சம் இருக்கிற வெளிச்சம் அப்படியே நிக்க வாய்ப்பு இருக்குன்னு. அது அதுல இருக்கா, இல்ல நீயாச் சொன்னதா?”

“இருக்குங்க. ஒரு எழுத்தும் விடல. சத்தியமா இருக்கு.”

“சரிம்மா” என்றார்.

அது உண்மைதான். அந்தத் தாளை நான் வரி விடாமல், இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தேன். ஆனால் என் ‘இருக்கு’ அவருக்குப் போதவில்லை என்று அந்தச் ‘சரிம்மா’விலேயே தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் காலை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாத்திரை வாங்கப் போகலாம் என்றார். மருந்துக்கடையில் என் தோளிலிருந்து கையை எடுத்து, தாளை நீட்டி, “இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்றீங்களா தம்பி” என்றார். நான் இரண்டடி தள்ளி, சோப்பு அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். நான் வாசித்த அதே வார்த்தைகள், அதே வரிசை. என் வீட்டுக்காரர் முகம் விரிந்து மலர்ந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் நான் வாசித்தபோது அப்படித்தான் மலர்ந்தது.

திரும்பி வரும்போது கையை மறுபடி என் தோளில் வைத்தார். தெருமுனை வரை பொறுத்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒரு நல்ல சேதியைச் சொல்வது போல, “இடது கண்ணு வெளிச்சம் நிக்குமாம்” என்றார்.

“அப்படியாங்க” என்றேன்.