கிளியம்மாளின் ரத்தம் பெங்களூர் போனது

"இதுல குத்தாதே, இது ஓடுகாலி நரம்பு. பக்கத்துல கீறவன் நல்லவன், அவனப் புடி" என்று ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு வழி காட்டுகிறாள் கிளியம்மாள். ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. பால் அளப்பவனின் படியைக் கவனிப்பதுபோல, குழாயில் ஏறும் சிவப்பைக் குனிந்து பார்ப்பாள்.

முடிச்சூரில் மாமனார் வழி வந்த நெல்வயலை மனைகளாக்கி விற்றவள். இப்போது ஊரார் மனைகளுக்கும் ஆள் பிடித்துத் தருகிறாள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று யாராவது கேட்டால், "நிக்காது சார், போய்க்கினே இருக்கும்" என்பாள்.

குடலில் வந்த புற்று ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தபோதும் அவளுக்கு அதே பாஷைதான். "ஒரு கிரவுண்டு வாங்கினவன் பக்கத்து கிரவுண்டுலயும் வேலி போட்டுட்டான்" என்றாள். விசாரிக்க வந்த உறவினர்கள் சிரித்துவிட்டுப் பிறகு சங்கடப்பட்டார்கள். மருமகள் கோகிலவாணி மட்டும் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

2009-இல் அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் யக்ஞநாராயணன் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். கட்டியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் அந்த மருந்து வேலை செய்யாதாம். அதை அறிய ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டும். கட்டி தன் மரபணுத் துணுக்குகளை ரத்தத்திலும் உதிர்க்கிறது; அதை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதற்கும் ரத்தம் தர முடியுமா என்று கேட்டார். இப்போதைக்குச் சதையைத்தான் நம்ப முடியும் என்பதையும் மறைக்கவில்லை.

"பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போவுதான்னு பாக்கறீங்க" என்றாள். டாக்டர் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார்.

ஈரலில் குத்திய அன்று மட்டும் அவள் யாரிடமும் பேசவில்லை. ரத்தம் விமானத்தில் பெங்களூர் போகிறது என்று தெரிந்ததும் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "நான் திண்டிவனம் தாண்டினதில்ல, என் ரத்தம் ஏரோப்ளேன்ல போவுது" என்று தெருவெல்லாம் சொன்னாள். தலைக்கு மேல் எந்த விமானம் போனாலும், அது டெல்லிக்கே போனாலும், கோகிலவாணியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

முடிவுகள் வந்தன. மரபணுவில் மாற்றம் இருந்தது. புது மருந்து அவளுக்குப் பயன்படாது. பழைய மருந்தையே தொடரலாம் என்று டாக்டர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். கோகிலவாணி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளியம்மாள் டாக்டர் பக்கம் குனிந்தாள்.

"ரத்தமும் அதையேதான் சொல்லுச்சா?"

"ஆமாம்மா. அப்படியே சொல்லியிருக்கு."

"அப்ப பின்னால வர்றவங்களுக்கு ஈரல்ல குத்த மாட்டீங்க."

"இன்னும் நிறையப் பேர்கிட்ட பாக்கணும்மா. இதே மாதிரி ஒத்துக்கிட்டே வந்தா, குத்த வேணாம்."

அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. கிளியம்மாள் மேசைக்கு மேல் எக்கி, கேட்காமலே அதைக் கழற்றினாள். முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அவர் காதுகளில் மாட்டிவிட்டாள்.