கம்பி கழற்றிய கெப்பாசிட்டர்கள்

திருவொற்றியூரில் ஒரு வாடகை ஷெட்டில் சின்னத் துகள்முடுக்கிக்கு மின்துடிப்புக் கருவி செய்துகொண்டிருந்தோம். கனத்த இரும்பு வார்ப்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் எந்திரம் அந்த முடுக்கி. எங்கள் கருவி மின்சாரத்தை எட்டு கெப்பாசிட்டர்களில் சேர்த்துவைத்து, கண்ணிமைப்பதற்குள் மொத்தமாகக் கொட்ட வேண்டும். வடிவமைப்பு என்னுடையது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஆயுத பூஜையன்று மதியம் சோதனையை முடித்து மெயினை அணைத்தோம். கெப்பாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் செப்புக் கம்பியால் சேர்த்துக் கட்டினேன். "கம்பில கை வெக்காதே" என்று கூட வேலை பார்த்த ஃபிட்டரிடம் எரிந்து விழுந்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஷெட் முழுக்கச் சாம்பிராணிப் புகை. எட்டு கெப்பாசிட்டர்களிலும் சந்தனம், குங்குமம். கம்பிகளைக் காணோம். பச்சை பிடித்துக் கிடக்கிறதே என்று ஃபிட்டர் அவற்றைக் கழற்றிப் புளி போட்டுத் துலக்கி வெயிலில் வைத்திருந்தார். பூஜைக்கு வந்திருந்த அவர் மனைவி முதல் கெப்பாசிட்டருக்குச் சாமந்தி மாலை போடக் கையை நீட்டியிருந்தார். காற்றே இல்லை. ஆனால் மாலையின் நூல்முனை மட்டும் தானாகப் பித்தளை முனையை நோக்கிச் சாய்ந்தது.

"போடாதீங்க!" என்று அலறினேன்.

ஃபிட்டர் சிரித்தார். "மெயின் ஆஃப்ல கீது சார். கம்பிய கயட்னதும் நானே எட்டையும் தொட்டுப் பொட்டு வெச்சேன். ஒன்னும் பண்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அப்போது அது செத்துத்தான் கிடந்தது. ஆனால் உள்ளே தகடுகளுக்கு நடுவிலிருக்கும் காப்புத்தாளில் ஊறிய மின்சாரம், கம்பியைக் கழற்றினால், யாரும் கொடுக்காமலே மெல்ல முனைக்குத் திரும்பி வரும். இந்த இரண்டு மணி நேரமும் அது வந்துகொண்டே இருந்திருக்கிறது.

எர்த் கம்பியை எடுத்து முதல் முனையில் வைத்தேன். வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. எட்டும் வெடித்தன. பித்தளையில் கரும்புள்ளி விழுந்தது. ஃபிட்டர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி மாலையைக் கீழே வைக்கவில்லை. கணவரைக் காட்டி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"கம்பிய கயட்னா உசுரு போய்டும்னு இதுகிட்ட சொன்னியா சார்?"

நான் சொல்லவில்லை. ஃபிட்டருக்கு அது எதற்கு என்று நினைத்திருந்தேன்.