தாடையைப் பிடித்த கை

ஐம்பதுகளின் கடைசியில், இலங்கையில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. நானும் என் ஓரகத்தியும் வரிசையாகக் கட்டிய ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தோம். அவள் என் கொழுந்தனின் மனைவி, என்னைவிட இளையவள், நல்ல பருமன். அந்தக் காலத்தில் பருமன் என்றால் லட்சணம். மாமியார் அவளைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பார். என்னைக் கண்டால், "இவ ஒருத்தி, கவ்வாத்து வெட்டுன தேயிலையாட்டம்" என்பார். கிளையெல்லாம் போய் வெறும் குச்சியாக நிற்கும் செடி அது. லயமே சிரிக்கும். நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அவள் தட்டில் விழும் ரொட்டி என்னுடையதைவிடப் பெரிதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு நாள் கொழுந்து எடுக்கும்போது குளவிக்கூடு கலைந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினோம். அவளால் ஓட முடியவில்லை. குளவி அடங்கிய பிறகு போய்ப் பார்த்தால் நினைவில்லாமல் கிடந்தாள். தோட்டத்து டாக்டர் ஐயாவைக் கூட்டி வர ஒருவர் ஓடினார்.

தோட்டத்தில் யாருக்கு என்ன ஆனாலும் கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு பேர் தூக்கினார்கள். அவளுக்கு ஆறு பேர் வந்தார்கள். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார். எனக்கு இப்படி யார் அழுவார்கள் என்றுதான் அப்போதும் மனம் போனது.

தூளிக்குள்ளிருந்து கர்கர் என்று சத்தம் கேட்டது.

"கொறட்டை விடுறா. பயப்படாதீங்க" என்றார் முன்னால் தூக்கியவர்.

எட்டிப் பார்த்தேன். தூளி வளைந்ததில் அவள் தாடை நெஞ்சோடு மடிந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எறக்குங்க" என்று கத்தினேன். என் சத்தத்தை அவர்கள் அன்றுதான் கேட்டார்கள். உடனே இறக்கி, பாதையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். சத்தம் இன்னும் மோசமானது.

அதற்குள் டாக்டர் ஐயா மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். "மல்லாக்கப் போடாதீங்க. மெலிஞ்ச உடம்புன்னா கொஞ்சம் தாங்கும். இவங்களுக்குக் கழுத்துச் சதையும் நெஞ்சுப் பாரமும் சேர்ந்து மூச்ச அடைக்குது. முதுகுக்கும் தலைக்கும் அண்ட குடுங்க" என்றார். பெண்கள் படங்கை அவிழ்த்து அவிழ்த்துக் கொடுத்தார்கள். காது நெஞ்சு மட்டத்துக்கு உயரும்வரை அவர் அடுக்கச் சொன்னார். ஊசியும் போட்டார். தலைமாட்டில் நான்தான் இருந்தேன்.

"தாடைய ரெண்டு பக்கமும் இப்படி முன்னுக்குத் தூக்கிப் பிடிம்மா. விட்டுறாத."

என் குச்சி விரல்கள் அந்தச் சதைக்குள் எலும்பைத் தேடிப் பிடித்தன. ஊரே மெச்சிய கன்னம் என் உள்ளங்கையில் இருந்தது. பிடி தளர்ந்தால் சத்தம் வந்தது, இறுக்கினால் மூச்சு வந்தது. அந்தச் சூடான மூச்சு என் மணிக்கட்டில் பட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. லயத்துக் கதவு ஒன்றைக் கழற்றி வந்து, அதில் சாய்த்து உட்கார வைத்தாற்போலக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை நான் கையை எடுக்கவில்லை.

பிழைத்து வந்தாள். அவளுக்குப் பாலும் முட்டையுமாக வந்து குவிந்தது. தாடையைப் பிடித்தே வீங்கிப்போன என் கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதற்கும் எரிச்சல்தான்.

அவள்தான் ஒரு முட்டையை உரித்து என் பக்கம் நீட்டினாள். "தாடை இன்னும் வலிக்குதுக்கா. கவ்வாத்துக் குச்சிக்கு இவ்வளவு பலமா?" என்றாள்.

பொறாமை அதோடு போய்விடவில்லை. இன்றும் அவள் என்னைவிட நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் வந்து படுத்தால், அவள் கேட்காமலே இன்னொரு தலையணையை முதுகுக்கு வைத்துவிட்டு, மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் பிடிக்கிறது.