லோட்டேவின் இனிஷியல்

காணாமல் போனவர்களைத் தேடிக் கடிதம் டைப் அடிப்பது, ஸ்டாம்ப் ஒட்டுவதில் தொடங்கி, வராத பதிலைத் திட்டுவதில் முடிகிற வேலை. ஏதாவது ஒரு ஆபீசுக்கு மனுப் போட்டுவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீங்கள் ரேஷன் கார்டுக்கோ பென்ஷனுக்கோ காத்திருந்திருப்பீர்கள். நான் ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனியில் இருந்த யூதப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன்.

வேலை கிடைத்த விதம்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். என் வீட்டுக்காரர் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். அங்கே தோல் பதனிடும் கெமிஸ்ட், ஹிட்லரிடமிருந்து தப்பி மனைவியோடு இங்கே வந்து சேர்ந்த யூதர். மனைவி எல்சா அம்மாள் ஜெர்மனியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். தன் வகுப்புப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஐரோப்பாவில் இருக்கிற தேடும் ஆபீஸ்களுக்கு எல்லாம் எழுதிக் கேட்க வேண்டும், இங்கிலீஷில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்றார்.

நான் கான்வென்ட்டில் படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, அந்த சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே ஒப்புக்கொண்டு வந்துவிட்டார் வீட்டுக்காரர். வீட்டுக்குள் நுழைந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். மனிதர் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்: "நீ என்னைத் திட்டற நேரத்துல பாதி நேரம் அங்க டைப் அடிச்சா, ரெண்டு பேருக்கும் புண்ணியம்."

ஏட்டய்யா வந்தார்

சண்டைக் காலத்தில் கெமிஸ்டை ஜெர்மன்காரன் என்று சர்க்கார் கொஞ்ச காலம் கைதி முகாமில் அடைத்து வைத்திருந்தது. ஹிட்லர் துரத்திய ஆளை ஹிட்லரின் ஆள் என்று பிடித்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல. அந்தச் சந்தேகத்தின் மிச்சமாக ஒருநாள் ஒரு ஏட்டய்யா வந்து, மேஜை மேலிருந்த பெயர்களைப் பார்த்து, இவர்கள் எல்லாம் எந்தக் கட்சி என்று கேட்டார்.

எல்லாம் எல்சா அம்மாளிடம் ஆறு வயசு, ஏழு வயசில் படித்த பிள்ளைகள், யூதர்களாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று விளக்கினேன். கழற்றி வைத்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கொழந்தைங்களப் புடிக்கவாம்மா அந்த ஊர்ல போலீஸ் போச்சி?"

கிழக்கே

முதலில் வந்த பதில்களில் ஒரே வாக்கியம்தான். இன்ன பிள்ளை, இன்ன தேதியில், பெற்றோருடன் கிழக்கே அனுப்பப்பட்டது. மேற்கொண்டு தகவல் இல்லை. அனுப்பியது தெரிந்தால் போய்ச் சேர்ந்த இடமும் தெரிய வேண்டாமா, என்ன ஆபீஸ் நடத்துகிறார்கள் என்று நான் பொரிந்து தள்ளினேன். ரயில்வே பார்சலுக்கு இருக்கிற அக்கறை கூட இல்லையே என்றும் சொல்லிவைத்தேன். கிழக்கே இருந்தவை ஹிட்லரின் கொலை முகாம்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

எல்சா அம்மாள் கோபிக்கவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு இங்கிலீஷில் சொன்னது இதுதான்: "போய்ச் சேர்ந்த இடம் தெரிந்ததால்தான் அதை எழுதாமல் விடுகிறார்கள். அடுத்த பிள்ளைக்குப் போகலாம்."

கபூர் பாய் நிரப்பிய பாரம்

கடைசியில் மிஞ்சியது லோட்டே ரோசன்தால் என்ற ஒரு பெண். அவளுக்கு மட்டும் 'கிழக்கே' வரவில்லை. 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று வந்தது. பெற்றோர் அவளோடு பெல்ஜியத்துக்கு ஓடியதாகக் கேள்வி. எல்சா அம்மாளுக்கு இருந்த நம்பிக்கை எல்லாம் அந்த 'இல்லை'தான். மறுபடி தேட, கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டிய ஒரு பாரம் அனுப்பியிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனாருக்குப் பிரசவம், நான் குடியாத்தத்தில். எல்சா அம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். டேனரியின் தலைமை கிளார்க் கபூர் பாய், பாவம் உதவிக்கு வந்தார். 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் அவரைக் குழப்பியிருக்கிறது. நம் ஊரில் ஏது குடும்பப் பெயர்? கட்டில் பக்கம் போய்ப் பெண்ணின் அப்பா பேர் கேட்டார். காய்ச்சல் மயக்கத்தில் எல்சா அம்மாள் சைமன் என்றார். பாய் அதைக் குடும்பப் பெயராக அடித்தார். ரோசன்தாலை என்ன செய்தார் என்கிறீர்கள்? பிறந்த ஊருக்குப் பக்கத்தில் தாலுகாவாகப் போட்டு, ஏர்மெயிலில் அனுப்பியும்விட்டார்.

திரும்பி வந்து கார்பன் காப்பியைப் பார்த்த எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தப் பாரத்தை வைத்து அவளை ஏழு ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று கத்தினேன். பாய் கொஞ்சமும் அசரவில்லை: "அப்பன் பேரு இல்லாம பொண்ணு பேரு எப்பிடிம்மா எழுதறது? யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேக்கமாட்டான்?"

மூக்கால் பாடுகிறவர்

அன்றைக்கே ஒரு திருத்தல் கடிதம் அடித்துப் போட்டேன். அது போய்ச் சேருமுன் பாரத்துக்குப் பதில் வந்துவிட்டது. லோட்டே சைமன் என்று ஒரு பெண், அதே பிறந்த தேதி, அதே பிறந்த ஊர், பெல்ஜியத்தில் கன்னியாஸ்திரீகளின் அநாதை இல்லத்தில் இருக்கிறாள். அவளை அங்கே ஒளித்து வைத்தபோது, ரோசன்தால் என்று மூச்சு விடாதே, யார் கேட்டாலும் அப்பா பேரைச் சொல் என்று அம்மா சொல்லிக்கொடுத்துப் போயிருக்கிறாள். சைமன் அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்கும் உண்டான பெயர். பெற்றோர் திரும்பவில்லை. கூப்பிட யாரும் வராததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எல்சா அம்மாள் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் படித்தேன்.

இருந்தாலும் உறுதி வேண்டுமே. முதல் வகுப்பு டீச்சரை ஞாபகம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்கச் சொல்லி எழுதினோம். இருக்கிறது, மூக்கால் பாடுவார் என்று பதில் வந்தது. எல்சா அம்மாள் சிரித்துக்கொண்டே அழுதார், அல்லது அழுதுகொண்டே சிரித்தார். கைக்குட்டை நனைந்து போய், என் முந்தானையை வாங்கி முகம் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அது ஜலதோஷம் என்று உடனே ஒரு கடிதம் டைப் அடி."

திருத்தலுக்கும் பதில் வந்தது

எல்சா அம்மாளும் கெமிஸ்டும் அவளைத் தங்களோடு வைத்துக்கொள்வதென்று முடிவு செய்து கப்பலேறத் தயாரானார்கள். பெட்டி கட்டுகிற அன்று, என் திருத்தல் கடிதத்துக்குப் பதில் வந்தது. அதே ஆபீஸ், அதே முத்திரை. லோட்டே ரோசன்தால் என்ற பெயரில் யாரும் இல்லை, வருந்துகிறோம். கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த கபூர் பாயிடம் படித்துக் காட்டினேன். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்: "கரெக்டா எழுதினா எவன்மா கண்டுபுடிக்கறான்?"

பிழையில்லாமல் டைப் அடித்ததற்குக் கான்வென்ட்டில் எனக்கு ஒரு மெடல் கொடுத்தார்கள், அதைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் ரோசன்தால் தாலுகாதான் ஞாபகம் வந்து தொலைக்கிறது.